தாத்தாவின் ராலே, அப்பாவின் பெரிய சக்கரம்: என்ன மதிப்பு போடுவது?

வாசகர் கடிதம்

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவரின் நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அப்பா காலமான பிறகு வீட்டைக் காலி செய்தபோது பின்னறையில் இரண்டு பழைய சைக்கிள்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று தாத்தா ஓட்டிய, ராலே என்ற இங்கிலாந்து கம்பெனியின் கறுப்பு சைக்கிள். ராடு பிரேக், முழு செயின் கவர், தோல் சீட், பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் (ஹப்) மூன்று கியர். 1924-இல் வாங்கியது, நூறு வயது தாண்டிவிட்டது என்று குடும்பத்தில் சொல்லிக்கொள்கிறார்கள். இன்னொன்று, முன்சக்கரம் நான்கடி உயரமும் பின்சக்கரம் குட்டியுமாக இருக்கும் பெரிய சக்கர வண்டி. அப்பா அழகுக்காக வாங்கி வைத்தது. கூடவே ஒரு கார்பைடு விளக்கு. வாரிசுகள் மூவர். தம்பிக்கு எல்லாவற்றையும் பெயின்ட் அடித்து, குரோம் போட்டு விற்க ஆசை. அக்காவுக்கு ராலேயைத் தானே வைத்துக்கொள்ள ஆசை. வந்து பார்த்த பழம்பொருள் வியாபாரி, மதிப்பையும் தானே போட்டு எழுதித் தருவதாகச் சொல்லி, மூன்றுக்கும் சேர்த்து ஒரே தொகை பேசியிருக்கிறார். இணையத்தில் இதே போன்ற ராலேக்கு அதைவிடப் பல மடங்கு விலை போட்டிருப்பதைப் பார்த்தபின் வாசகிக்குத் தூக்கம் இல்லை. “உண்மையான மதிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? வியாபாரி ஏமாற்றுகிறாரா?” என்று கேட்டு, சில படங்களும் அனுப்பியிருக்கிறார்.

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

முதல் வேலை, தம்பியின் கையைப் பிடித்து நிறுத்துவது. மதிப்பீடு முடியும்வரை உப்புத்தாள், பாலிஷ், மண்ணெண்ணெய், பெயின்ட் எதுவும் அந்த அறைக்குள் போக வேண்டாம். பழைய சைக்கிளை விலை போடுகிறவர் முதலில் தேடுவது, தொழிற்சாலையில் அடித்த பெயின்ட், அதன் மேல் இழுத்த தங்கக் கோடு, ஒட்டிய முத்திரைப் படம் இவற்றில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைத்தான். அழுக்கை எப்போது வேண்டுமானாலும் துடைக்கலாம். உரித்த பெயின்ட்டைத் திரும்ப வைக்க முடியாது. அந்த முத்திரைப் படங்கள் வார்னிஷ் பூச்சுக்கு அடியில் இருப்பவை. மண்ணெண்ணெயோ தின்னரோ தோய்ந்த துணியால் நான்கு தரம் தேய்த்தால் துணியோடு வந்துவிடும். மணல் பீய்ச்சித் துருவெடுத்தால் வரிசை எண்ணின் விளிம்புகள் மழுங்கும். அதன் மேல் பவுடர் கோட்டிங் போட்டால் எண்ணே நிரம்பி மறைந்துபோகும். வண்டியின் வயதைச் சொல்லும் சாட்சியை நாமே பணம் கொடுத்து அழிப்பதாகிவிடும்.

பணக் கணக்கிலும் இது சரிவராது. பரவலாகக் கிடைக்கும் ரகத்துக்கு நல்ல பெயின்ட், குரோம், கைக்கோடு, புது முத்திரை எல்லாம் செய்தால், அந்தச் செலவு பெரும்பாலும் வண்டியின் விலையையே தாண்டிவிடும்.

நூறு வயதா, எழுபதா?

நீங்கள் அனுப்பிய படங்களில் மிகப் பயனுள்ளது பின் ஹப்பின் படம். அதன் உடலில் ‘ஸ்டர்மி ஆர்ச்சர்’ என்ற ஹப் கம்பெனியின் பெயர், ‘ஏ.டபிள்யூ.’, அதை அடுத்து 54, 9 என்ற எண்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஏ.டபிள்யூ. என்ற மூன்று கியர் ஹப் 1936-இல்தான் சந்தைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஹப்களில் முதலில் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கமும் பிறகு மாதமும் பொறித்தார்கள். ஆக இது 1954 செப்டம்பரில் செய்த ஹப். 1924-இல் வாங்கிய வண்டி இந்த ஹப்போடு தொழிற்சாலையை விட்டு வந்திருக்க வழியில்லை.

அதற்காகக் குடும்பக் கதை பொய் என்றும் உடனே முடிவு கட்ட வேண்டாம். பின்சக்கரம் தேய்ந்து பிற்பாடு மாற்றியிருக்கலாம். ஹப் தன் வயதைத்தான் சொல்லும், பிரேமின் வயதைச் சொல்லாது. அதற்கு வேறு சாட்சிகள் வேண்டும்.

வரிசை எண் அதில் ஒன்று. சீட் பைப் நுழையும் லக்கின் (குழாய்கள் சேரும் மூட்டுத் துண்டு) மேல், பெடல் அச்சு ஓடும் குழாயின் அடிப்பாகம், பின் ஃபோர்க்கின் முனை, இந்த மூன்று இடத்திலும் தேடுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்து, வெள்ளைச் சாக்கட்டியை லேசாகப் பூசி, விரலால் வழித்துவிடுங்கள். பள்ளத்தில் சாக்குத் தூள் நிற்கும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் தாழப் பிடித்துப் படம் எடுத்தால், கண்ணுக்கு எட்டாத இலக்கமும் நிழலாக எழுந்து வரும். அந்த எண்ணைச் சேகரிப்பாளர்கள் தொகுத்த ராலே அட்டவணைகளோடு ஒப்பிடலாம். ஆனால் பல எண் தொடர்கள் ஓடியிருப்பதால், எண்ணை மட்டும் நம்பி வருடத்தை உறுதி செய்யாதீர்கள். மற்ற சாட்சிகளோடு ஒத்துப்போனால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்தது முலாம். ஹேண்டில்பார் மஞ்சள் சாயலாக இருப்பதால் அது நிக்கல், அதனால் 1930-க்கு முந்தையது என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. குரோம் முலாம் சைக்கிள்களில் பரவலானது 1930-ஐ ஒட்டித்தான். அதற்கு முன் நிக்கல்தான். ஆனால் குரோமுக்கு அடியிலும் ஒரு நிக்கல் படலம் உண்டு. கைபட்டுக் கைபட்டுக் குரோம் தேய்ந்தால் அடியிலுள்ள நிக்கல் அதே மஞ்சள் சாயலோடு வெளியே வரும். ஆகவே தேய்மானம் படாத இடத்தைப் பாருங்கள். மணியைப் பிடித்திருக்கும் பட்டையைத் தளர்த்தி நகர்த்தினால், அதன் அடியில் விரலகல வளையம் ஒன்று பழையபடி இருக்கும். அங்கே நீலம் பாய்ந்த வெள்ளைப் பளபளப்பு தெரிந்தால் குரோம். அங்கேயும் மஞ்சள் சாயல்தான் என்றால் நிக்கல்.

ராடு பிரேக்கை வைத்து வயது சொல்லாதீர்கள். இந்த வடிவ வண்டிகளைப் பல பத்தாண்டுகள் ஏறக்குறைய மாற்றமே இல்லாமல் செய்தார்கள். நாரைத் தலைகள் வெட்டிய செயின் வீல் ராலேக்கு உரியது, மூன்று துப்பாக்கிகள் இருந்தால் பி.எஸ்.ஏ., விரித்த கை இருந்தால் ரட்ஜ். உங்கள் படத்தில் நாரை இருக்கிறது. செயின் வீலும் முன் பேட்ஜும் ஒரே கம்பெனியைக் காட்டுவது நல்ல அறிகுறி. ஆனால் ஹம்பர் 1932-இலும், ரட்ஜ் 1943-இலும், பி.எஸ்.ஏ. சைக்கிள் பிரிவு 1957-இலும் ராலேயின் கைக்குப் போயின. அதற்குப் பிந்தைய வண்டிகளில் பேட்ஜ் ஒன்றாகவும் உள்ளிருக்கும் பாகங்கள் ராலேயாகவும் இருப்பது சகஜம்.

எல்லாச் சாட்சியும் 1954-ஐச் சுட்டினால் வருத்தப்படாதீர்கள். விலையில் வயதுக்குப் பலர் நினைக்கும் அளவு பங்கு கிடையாது. தன் சொந்த பெயின்ட், சொந்தச் சக்கரங்கள், சொந்த செயின் கவரோடு முழுமையாக நிற்கும் 1954 வண்டி, நாலு வண்டிகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய 1924 வண்டியைவிட நல்ல விலைக்குப் போகலாம். உங்கள் வண்டியில் முழு செயின் கவர் இருப்பதே பெரிய விஷயம். முதலில் கழற்றித் தூக்கிப் போடும் பாகம் அதுதான்.

பிரேமில் பார்க்க வேண்டியது

ஹேண்டில் குழாய்க்குப் பின்னால், மேல் குழாய்க்கும் கீழ் குழாய்க்கும் அடிப்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள். அலை போல நெளிவோ, குறுக்கே வெடித்த பெயின்ட்டோ இருந்தால் வண்டி எப்போதோ முன்னால் மோதியிருக்கிறது. பக்கவாட்டில் தள்ளி நின்று பார்த்தால் ஃபோர்க்கின் மேற்பகுதி ஹேண்டில் குழாயின் நேர்க்கோட்டிலேயே இறங்க வேண்டும், வளைவு அதற்குக் கீழேதான் தொடங்க வேண்டும். சீட் பைப் அசையாமல் இறுகியிருந்தால் சுத்தியலால் அடிக்காமல், இறுகியிருக்கிறது என்று மட்டும் குறித்து வையுங்கள். கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னுக்கும் அப்படித்தான். அடித்து வளைத்தால் சிறு வேலை பெரிய வேலையாகும்.

டயர் வெடித்திருப்பது பெரிய குறை அல்ல. 28-க்கு 1½ அங்குல அளவில் இன்றும் புது டயர் செய்கிறார்கள். ரிம்மின் சுருட்டிய விளிம்பில் துரு தின்றிருக்கிறதா என்பதுதான் கேள்வி. தோல் சீட்டில் புரூக்ஸ் என்ற சீட் கம்பெனியின் பெயர் தெரிகிறது. ரிவெட் ஓரங்களில் கிழிசல் இருக்கிறதா என்று பாருங்கள். தோல் காய்ந்திருக்கிறதே என்று எண்ணெய் ஊற்றினால் அது தொட்டில் போலத் தொய்ந்துவிடும்.

பெரிய சக்கர வண்டி

இதைப் பற்றி எழுதப்போவது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். இந்த வகை வண்டிகளின் காலம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள்தான். 1870-களின் தொடக்கத்தில் பரவின. 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர், சம அளவுச் சக்கரங்களும் பின்சக்கரச் செயினுமாக வந்தது. 1888-இல் டன்லப்பின் காற்று டயரும் வந்தபின் உயரச் சக்கரத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. அசல் குறைவு, பார்க்க அழகு, ஆகவே அலங்கார நகல்கள் ஏராளம்.

உங்கள் படங்களில் மூன்று விஷயங்கள் உறுத்துகின்றன. ஃபோர்க்கின் தலைப்பகுதியில் அடுக்கிய காசுகள் போல மேடு மேடாக மின் வெல்டிங் தெரிகிறது. அசல் வண்டிகளில் அடித்து உருவாக்கிய இரும்புப் பாகங்களைப் பித்தளை உருக்கிப் பற்றவைப்பார்கள், அந்த இணைப்பு வழவழப்பாக இருக்கும். இரண்டாவது, முன்சக்கரத்தின் மேலிருந்து பின்சக்கரத்துக்கு வளைந்து இறங்கும் முதுகுக் குழாய் மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமன். அசலில் மேலே பருத்து, பின்சக்கரத்தை நோக்கிப் போகப்போகச் சிறுக்கும். மூன்றாவது, சக்கரக் கம்பிகள் தடித்து, ரிம் பக்கம் நிப்பிளோடு (கம்பியை இறுக்கும் குட்டித் திருகு) இருக்கின்றன. பல அசல்களில் கம்பி ஹப்பின் தட்டிலேயே நேராக மரையிட்டு இறங்கியிருக்கும். குறுக்காகப் பின்னிய கம்பி முறையும் அன்றே உண்டு என்பதால் மூன்றாவது ஒன்றே தீர்ப்பாகாது. முதல் இரண்டும் கனமானவை.

இன்னும் இரண்டு சோதனைகளை நீங்களே செய்யலாம். முன் அச்சின் பேரிங் வெளியே தெரிந்தால் அதன் முகப்பில் 6203 போல நான்கு இலக்க எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது இன்றைய தொழிற்சாலை பேரிங். போல்ட் தலைகளில் 10 அல்லது 13 மி.மீ. ஸ்பேனர் கச்சிதமாக உட்கார்ந்தால் அவையும் பிற்காலத்தவை. ஒருவேளை இரண்டும் இல்லாமல், தேய்ந்த எண் பொறிப்போ, முதுகுக் குழாயின் இடப்பக்கம் பல் வெட்டிய ஏறுபடியோ தென்பட்டால் எனக்கு மறுபடியும் படம் அனுப்புங்கள், என் கருத்தை மாற்றிக்கொள்ளத் தயார். அசலுக்கும் பிற்காலப் பழுதில் வெல்டிங் வைத்திருக்கலாம்.

நகல் என்றால் மதிப்பே இல்லை என்று பொருள் அல்ல. ஓட்டுவதற்கென்றே நன்றாகச் செய்த நகல்களுக்குத் தனிச் சந்தை உண்டு. உங்களுடையது அலங்கார ரகம் போலத் தெரிகிறது, அதை வீட்டு அலங்காரப் பொருளின் விலையில்தான் பார்க்க வேண்டும். ‘1880 அசல்’ என்று விளம்பரம் கொடுத்து விற்றால், வாங்கியவர் பிறகு பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையை நீங்களே அவர் கையில் கொடுக்கிறீர்கள். ‘வயது உறுதி செய்யப்படவில்லை, பிற்கால நகலாகத் தெரிகிறது’ என்று எழுதுங்கள். யாரும் ஏறி ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். அசலிலேயே முன்சக்கரம் தடுக்கினால் ஆள் தலைகுப்புற விழுவார். அலங்கார ரகமோ ஆள் எடையைத் தாங்கும்படி செய்யப்பட்டதே அல்ல.

விளக்கை இலவசமாகக் கொடுத்துவிடாதீர்கள்

வியாபாரி ‘விளக்கையும் சேர்த்து’ என்று போகிற போக்கில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பழைய விளக்குகளைச் சேகரிப்பவர்கள் தனிக் கூட்டம். சைக்கிளே வைத்திருக்காதவர்கள்கூட வாங்குவார்கள். சிறிய பெட்டியில் எந்த ஊருக்கும் அனுப்பிவிடலாம். மூன்றில் விற்க எளிதானது இதுதான். மூடியில் இருக்கும் பெயர், முன் கண்ணாடி, பக்கங்களில் உள்ள சிவப்பு, பச்சைக் கண்ணாடிக் குமிழ்கள், பர்னர், தண்ணீர்த் திருகு, மாட்டும் பிடி எல்லாம் அதனதன் இடத்தில் உள்ளனவா என்று பார்த்துப் பட்டியல் போடுங்கள். நிக்கலுக்கு அடியில் பித்தளை மின்னுகிறதே என்று தேய்த்துத் தங்கம் போல ஆக்கிவிடுகிறவர்கள் உண்டு, அங்கேயே பாதி மதிப்பு கரைந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. கீழ் அறையில் சாம்பல் நிறத் தூள் இருந்தால் அது எரிந்து முடிந்த சுண்ணாம்பு. கல் போன்ற கட்டிகள் இருந்தால் உயிருள்ள கார்பைடாக இருக்கலாம். தண்ணீர் பட்டால் தீப்பற்றும் அசிட்டிலீன் வாயு வரும். கழுவ வேண்டாம். வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில், உலர்வாகக் கொட்டி எடுங்கள்.

தொகைக்கு எப்படி வருவது?

இணையத்தில் நீங்கள் பார்த்தது விற்பவர் கேட்கும் விலை. ஒன்றரை வருடமாக அதே விலையில் நிற்கும் விளம்பரம், அந்த விலைக்கு ஆள் இல்லை என்பதற்குத்தான் சாட்சி. உங்களுக்கு வேண்டியது, விற்று முடிந்த விலைகள். ஏல நிறுவனங்களின் முடிவுப் பட்டியல்களிலும், விற்பனைத் தளங்களில் ‘விற்றவை’ என்று வடிகட்டினாலும் கிடைக்கும். அதே கம்பெனி, அதே பத்தாண்டு, ஆண்கள் அல்லது பெண்கள் பிரேம், அதே கியர், ஏறத்தாழ அதே நிலை என்று ஐந்தாறு தேறினால் போதும். அவற்றில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விட்டுவிடுங்கள். ஏல விலையில் வாங்குபவர் கட்டும் கூடுதல் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சேர்ந்திருந்தால் விற்பவர் கைக்குப் போனது அதைவிட நிறையவே குறைவு.

ஒரு மாதிரிக் கணக்கு. ஓடும் நிலையில் உள்ள முழுமையான இதே ரக வண்டிகள் 100-ஐ ஒட்டிப் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வண்டிக்கு டயர், டியூப், பிரேக் கட்டை, பெடல் ரப்பர், கூலி எல்லாம் சேர்ந்து 15 ஆகும் என்றால் வாங்குபவர் பார்வையில் அது 85. அதை ஏலத்தில் 15 சதவீதத் தரகுக்கு விற்றால் ஏறத்தாழ 13 போகும், வண்டி ஏற்றி அனுப்ப 4 என்றால் கையில் நிற்பது 68. இதே வண்டியை வியாபாரி வாங்கினால் அவரும் இதே 85-க்குத்தான் விற்க முடியும். இடம், காத்திருப்பு, விற்காமல் போகும் அபாயம், லாபம் எல்லாவற்றையும் அதற்குள் பார்க்க வேண்டும். அவர் 45 சொன்னால் அது ஏமாற்று அல்ல, மொத்த வியாபார விலை. 20 சொன்னால் யோசியுங்கள். இந்த எண்கள் வழியைக் காட்டத்தான். உங்கள் வண்டிக்குரியதை மேலே சொன்ன தேடலில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

வாங்கிய ரசீது, பழைய உரிமச் சீட்டு, தாத்தா அந்த வண்டியோடு நிற்கும் படம் ஏதாவது இருந்தால் அதையும் வண்டியோடு சேர்த்து வையுங்கள். காகிதம் இருக்கும் கதைக்கு விலை உண்டு. வாய்மொழிக் கதையை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

மூவரும் வியாபாரியும்

வாங்க நினைப்பவரே மதிப்பும் போட்டுத் தருவது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், முறையல்ல. மதிப்பீட்டாளருக்கு நிலையான கட்டணம் கொடுங்கள், மதிப்பில் சதவீதம் கேட்பவர் வேண்டாம். எழுத்தில் வாங்கும்போது எதற்கான மதிப்பு என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். காப்பீட்டுக்கான மதிப்பு, அதே போல இன்னொன்று கடையில் வாங்க ஆகும் செலவு. அது எப்போதும் உயர்ந்திருக்கும். பாகம் பிரிக்க அதை எடுத்தால் அக்காவுக்கு அநியாயம். வியாபாரியின் தொகையை எடுத்தால் உங்களுக்கும் தம்பிக்கும் அநியாயம். என் யோசனை, மேலே சொன்ன கணக்கில் 85-க்கும் 68-க்கும் நடுவில் ஒரு தொகையை வைத்து, அதில் மூன்றில் இரண்டு பங்கை அக்கா உங்கள் இருவருக்கும் கொடுப்பது. வெளியே விற்றிருந்தால் தரகும் ஏற்றுகூலியும் எப்படியும் போயிருக்கும், அந்த மிச்சத்தை மூவரும் பகிர்ந்துகொள்வதாக ஆகும்.

பொருள் மூவருக்கும் பொது என்றால் ஒருவர் மட்டும் கை நீட்டி முன்பணம் வாங்கக் கூடாது. எது யாருக்கு, எது விற்பனைக்கு, எந்தக் குறைந்தபட்ச விலைக்கு என்று ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். மதிப்பீட்டு அறிக்கை உரிமைப் பத்திரம் ஆகாது. வாரிசுரிமையில் சிக்கல் இருந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள். ஏலத்துக்கோ, விற்றுத் தரும் கடைக்கோ கொடுப்பதானால் தரகு, அடிவிலை, படக் கட்டணம், அவர்களிடம் இருக்கும்போது சேதமானால் யார் பொறுப்பு, விற்காவிட்டால் திருப்பி எடுக்க என்ன செலவு, இந்த ஐந்தும் எழுத்தில் இருக்கட்டும்.

வியாபாரிக்கு இப்போதைக்கு ஒரே பதில் போதும்: “ராலேக்கு எவ்வளவு, பெரிய சக்கரத்துக்கு எவ்வளவு, விளக்குக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக் கொடுங்கள்.” மொத்தத் தொகையைப் பிரிக்க அவர் தயங்கினால், எதன் மேல் அவருக்குக் கண் என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

படங்கள் இன்னும் தேவை. செயின் பக்கமிருந்து முழு வண்டி, முன் பேட்ஜ், வரிசை எண், ஃபோர்க்கின் தலை, மணிப் பட்டைக்கு அடியில் தெரியும் முலாம், சீட்டின் அடிப்பகுதி, விளக்கின் மூடி, இவ்வளவும் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். ராலேயை எங்காவது ஏற்றி அனுப்புவதற்காகப் பெடலைக் கழற்ற நேர்ந்தால், இடப் பெடலின் மரை எதிர்த் திசையில் சுற்றும் என்பதைத் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.